முதிர்ந்த விண்மீன்களில் லித்தியம்: அளப்பது எப்படி?

செல்பேசி பேட்டரிகளில் பயன்படும் லித்தியம், விண்மீன்களுக்குள் சுமார் 25 லட்சம் டிகிரி வெப்பத்திலேயே அழிந்துவிடும். முதுமையில் பெருத்து, மேற்பரப்பு குளிர்ந்து சிவப்புப் பெருவிண்மீனாகும்போது அடிப்பகுதி வாயு மேலேறிக் கலப்பதால், எஞ்சியதும் அருகிவிடும் என்பதே நெடுங்காலக் கணிப்பு.

இதைச் சரிபார்க்க உதவுவது நிறமாலை. விண்மீன் ஒளியைப் பிரித்தால், 670.8 நானோமீட்டர் அலைநீளத்தில் லித்தியத்தின் கருங்கோடு தெரியும். கோடு வலுவாக இருப்பதால் மட்டும் லித்தியம் மிகுதி என்று கூறிவிட இயலாது. விண்மீன் குளிர்ந்திருந்தால் சிறிதளவு லித்தியமே அக்கோட்டை வலுவாக்கிவிடும். எனவே வெப்பநிலையை முதலில் துல்லியமாகக் கணிக்க வேண்டும்.

பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவன ஆய்வாளர்கள் இடம்பெற்ற குழு, ஆஸ்திரேலியாவின் 'கேலா' திட்ட நிறமாலைகளை இவ்வாறு ஆராய்ந்து, 2020-ல் 'நேச்சர் அஸ்ட்ரானமி' இதழில் முடிவை வெளியிட்டது. சூரியனை ஒத்த நிறையுள்ள விண்மீன்கள் மையத்தில் ஹீலியத்தை எரிக்கத் தொடங்கிய பின், அவற்றின் லித்தியம் சராசரியாகச் சுமார் 40 மடங்கு உயர்ந்திருந்தது.