ஓர் இரவு ஊறிய பேரீத்தம்பழம்



பெருநாள் தினத்தில் எல்லயிலுள்ள நமது இல்லங்களுக்கு உறவினர்கள் வருகின்றனர். தோட்டத்துத் தமிழ் நண்பர்களும் சிங்கள அயலவர்களும் வருகின்றனர். வட்டிலப்பத்துடன் ஒரு குவளை சர்பத்தும் அவர்களுக்கு வழங்குகின்றோம். பருகுதலைக் குறிக்கும் 'ஷரிப' என்ற அரபு வினையிலிருந்து பிறந்த சொல்லே சர்பத். விருந்தினருக்கென முன்னரே பானம் தயாரித்து வைக்கும் வழக்கத்திற்கு மதீனாவின் வரலாற்றில் அழகிய முன்மாதிரி உண்டு.

அபூ உஸைத் அஸ்ஸாஇதி (ரழி) அவர்கள் தமது திருமண விருந்துக்கு நபி (ஸல்) அவர்களை அழைத்தார்கள். அன்று பணிவிடை செய்தவர் மணப்பெண்ணே. அவர் கற்பாத்திரம் ஒன்றில் இரவே பேரீத்தம்பழங்களை ஊறவைத்திருந்தார். நபியவர்கள் உணவருந்தி முடித்ததும் அவற்றைக் கரைத்துப் பருகக் கொடுத்தார். புஹாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இச்சம்பவம் பதிவாகியுள்ளது.

இவ்வாறு ஊறவைத்த நீரே 'நபீத்' எனப்பட்டது. காலையில் ஊறவைத்ததை நபியவர்கள் இரவிலும், இரவில் ஊறவைத்ததைக் காலையிலும் பருகியதாக ஆஇஷா (ரழி) அறிவிக்கின்றார்கள். மூன்றாம் நாள் மாலைக்கு மேல் அதனை அவர்கள் அருந்தவில்லை என்பது இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களின் அறிவிப்பாகும். காரணம் தெளிவானது: நாட்கள் செல்லச் செல்ல இனிப்பு நொதித்து மதுவாகிவிடும்.

இன்னொரு வீட்டைப் பாருங்கள். 622ஆம் ஆண்டு நபியவர்கள் மதீனா வந்தபோது அனஸ் (ரழி) பத்து வயதுச் சிறுவர். பின்னர் ஒருநாள் அவர் அபூ தல்ஹா (ரழி) அவர்களின் இல்லத்தில் விருந்தினருக்குப் பானம் பரிமாறிக் கொண்டிருந்தார். அதுவும் பேரீத்தங்காயாலும் பழத்தாலும் ஆனதே. ஆனால் நொதித்து மதுவானது. மது விலக்கப்பட்ட அறிவிப்பு தெருவில் ஒலித்தது. அபூ தல்ஹா ஏவ, அந்த இளைஞர் அனைத்தையும் வெளியே கொட்டினார். மதீனாவின் வீதிகளில் மது ஓடியது.

இரு வீடுகளிலும் மூலப்பொருள் ஒன்றே, உபசரிப்பும் ஒன்றே. ஒன்று போதை தராதது, மற்றது போதை தருவது. ஆரம்பத்தில் சுரைக்குடுவை, தார் பூசிய பாத்திரம் போன்றவற்றில் ஊறவைப்பதையும் நபியவர்கள் தடுத்தார்கள். அவற்றில் பானம் விரைவில் நொதிக்கும். பின்னர் பாத்திரத் தடையை நீக்கினார்கள். போதையின் தடை மட்டும் நிலைத்தது.

இளைஞர்களே! கொண்டாட்டம் என்றாலே போத்தல்தான் என நண்பர்கள் அழைக்கும் நாளில் அனஸை நினைவுகூருங்கள். பெற்றோர்களே! பிள்ளைகளைத் தடுப்பதோடு நின்றுவிடாமல், விருந்தினரை உபசரிக்கும் பொறுப்பையும் அவர்களிடம் ஒப்படையுங்கள். பெருநாளுக்கு முந்திய இரவு, கொட்டை நீக்கிய ஒரு கிலோ பழத்தைக் கொதித்தாறிய நான்கு லீற்றர் நீரில் அவர்களே ஊறவைக்கட்டும். காலையில் கரைத்து வடித்தால் ஏறத்தாழ இருபது பேருக்குப் போதும். அன்றே பருகி முடியுங்கள். எல்லயின் குளிர் நொதித்தலைத் தாமதப்படுத்தும், தடுக்காது. நுரைத்தாலோ புளித்தாலோ தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

எந்த மதத்து விருந்தினரும் அச்சமின்றிப் பருகக்கூடிய குவளையை நீட்டுவதே நமது பெருநாளின் அழகு. வல்ல அல்லாஹ் நமது இல்லங்களையும் விருந்துகளையும் தூய்மையாக்கி வைப்பானாக! ஆமீன்.