டப்பாவும் மோதிரமும்

உங்கள் செல்போனை எடுத்துப் பாருங்கள். சித்தி பெண்ணோ, பழைய ஆபீஸ் தோழியோ ஆரம்பித்த வாட்ஸ்அப் குரூப் ஒன்று கண்டிப்பாக இருக்கும். முதலில் பிறந்தநாள் வாழ்த்து. அப்புறம் ரோஜாப்பூவுடன் காலை வணக்கம். திடீரென்று ஒருநாள் பத்துப் புடைவைப் படங்கள் வந்து விழும். நம்ம குரூப்புக்கு மட்டும் இந்த விலை!

வாங்க மனசு இல்லை. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. கடைக்காரர் என்றால் அடுத்த வாரம் வருகிறேன் என்று நடையைக் கட்டிவிடலாம். சித்தி பெண்ணிடம் அது நடக்குமா?

நடக்காது. அது நடக்காது என்பதுதான் இந்த வியாபாரத்தின் மூலதனமே.

இதை ஏதோ இன்டர்நெட் கொண்டுவந்த புதுப் பழக்கம் என்று நினைக்காதீர்கள். நட்பையும் உறவையும் கடைவீதியாக மாற்றும் வித்தை கம்ப்யூட்டருக்கு மூத்தது. அந்தக் கதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து தொடங்குகிறது.

ஏர்ல் டப்பர். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1907-ல் பிறந்தவர். மரங்களுக்கு வைத்தியம் பார்க்கிற கம்பெனி நடத்தி, 1936-ல் திவாலானவர். அதன்பிறகு டூபாண்ட் நிறுவனத்தில் ஒரு வருஷம் வேலை பார்த்தார். பிளாஸ்டிக் என்றால் என்ன என்று அங்கேதான் கற்றுக்கொண்டார். சுத்திகரிப்பு ஆலைக் கழிவாக வந்த பாலிஎத்திலீன், கறுப்பாக, நாற்றம் பிடித்துக் கிடந்தது. அதை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டி, மெலிதான, கீழே விழுந்தால் உடையாத, வாசனையில்லாத பாத்திரமாக மாற்றிவிட்டார் மனிதர். பெயின்ட் டப்பாவின் மூடியைப் பார்த்துக் காற்றுப் புகாத மூடி ஒன்றும் செய்தார். நடுவில் அழுத்தி ஓரத்தை லேசாகத் தூக்கினால் உள்ளே இருக்கும் காற்று ஏப்பம் விடுகிற மாதிரி வெளியே வரும். அவ்வளவுதான், டப்பா சீல் ஆகிவிடும்.

1946-ல் டப்பர்வேர் கடைகளுக்கு வந்தது. அழகாக இருந்தது. பத்திரிகைகள் புகழ்ந்தன.

ஆனால் விற்கவில்லை.

காரணம் ரொம்ப எளிது. அந்த ஏப்பம் விடுகிற சமாசாரம் யாருக்கும் புரியவில்லை. மூடி சரியாகப் பொருந்தவில்லை என்று வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து செய்து காட்டியாக வேண்டும். கடைச் சிப்பந்திக்கு அதற்கெல்லாம் பொறுமை ஏது?

இந்த இடத்தில் கதைக்குள் நுழைகிறார் பிரவுனி வைஸ். ஜார்ஜியாவில் பிறந்தவர். விவாகரத்தானவர். ஒரே மகன். டெட்ராயிட் பக்கம் செயலாளர் வேலை. அந்தச் சம்பளம் போதாமல், ஸ்டான்லி ஹோம் புராடக்ட்ஸ் என்கிற கம்பெனியின் துடைப்பம், பிரஷ் வகையறாக்களை வீடுகளில் கூட்டம் கூட்டி விற்றுக்கொண்டிருந்தார். வீட்டில் பார்ட்டி வைத்து விற்கிற முறை அந்தக் கம்பெனியினுடையது. பிரவுனி செய்தது ஒன்றே ஒன்று. துடைப்பத்தை வைத்துவிட்டு டப்பாவைக் கையில் எடுத்தார்.

பார்ட்டி எப்படி நடக்கும் தெரியுமா? ஒரு வீட்டு அம்மா அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிடுவார். காபி, கேக், கொஞ்சம் அரட்டை, சின்னச் சின்ன விளையாட்டு. நடுவே விற்பனைப் பெண்மணி மேஜைமேல் டப்பாக்களைப் பரப்புவார். பிரவுனியாக இருந்தால், டப்பாவில் திராட்சை ரசத்தை ஊற்றி, மூடியை அழுத்தி, அறைக்குக் குறுக்கே தூக்கி வீசுவார். தரைவிரிப்பு என்னாகுமோ என்று எல்லோரும் பதறுவார்கள். ஒரு சொட்டுகூடச் சிந்தாது. கைதட்டல். உடனே ஆர்டர்.

இதில் சூட்சுமம் இரண்டு. விற்பனை எவ்வளவோ, அதற்கேற்ப வீட்டுக்கார அம்மாவுக்குப் பரிசு உண்டு. ஆகவே வேண்டாம் என்று சொன்னால் நீங்கள் கம்பெனிக்காரியிடம் சொல்லவில்லை, காபி கொடுத்த சிநேகிதியிடம் சொல்கிறீர்கள். இரண்டாவது, வந்திருக்கும் பெண்களில் துடிப்பான ஒருத்தியைப் பார்த்து, 'நீயும் இதைச் செய்யலாமே' என்பார் பிரவுனி. அவளுக்கு ஒரு தெரு. அந்தத் தெருவில் இன்னொருத்தி. இன்றைய வார்த்தையில் சொன்னால், நெட்வொர்க்.

பின்னால், 1990-ல், ஃப்ரென்ஸன், டேவிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த மாதிரி பார்ட்டிகளை ஆராய்ந்தார்கள். பொருள் பிடித்திருக்கிறதா என்பதைவிட, கூப்பிட்டவரோடு எவ்வளவு நெருக்கம் என்பது இரண்டு மடங்கு முக்கியமாக இருந்தது. டப்பா நிஜமாகவே நல்ல டப்பாதான். ஆனாலும் விற்றது டப்பா இல்லை, உறவு.

1951-ல் சரக்கு வந்து சேரத் தாமதமாகிறது என்று ஃப்ளோரிடாவிலிருந்து டப்பருக்கே போன் போட்டு வெளுத்து வாங்கினார் பிரவுனி. டப்பர் கோபப்படவில்லை. நம் கடைகளில் தூங்குகிற சரக்கு இந்தப் பெண்மணியிடம் மட்டும் எப்படிப் பறக்கிறது என்று யோசித்தார். அதே வருஷம் பிரவுனி கம்பெனியின் உப தலைவர். கடைகளிலிருந்து டப்பர்வேர் மொத்தமாக வாபஸ். இனி பார்ட்டி மட்டும்தான்.

அதற்கப்புறம் ஏறுமுகம். ஃப்ளோரிடாவின் கிஸ்ஸிமீயில் தலைமையகம். வருஷா வருஷம் ஜூபிலி என்று ஒரு திருவிழா. மண்ணுக்குள் பரிசுகளைப் புதைத்து வைத்து, விற்பனைப் பெண்கள் மண்வெட்டியோடு இறங்கித் தோண்டி எடுப்பார்கள். 1954 ஏப்ரலில் 'பிசினஸ் வீக்' அட்டையில் பிரவுனியின் படம். அந்தப் பத்திரிகையின் அட்டைக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

நான்கே வருஷம். 1958 ஜனவரியில் பிரவுனியை வேலையைவிட்டு நீக்கினார் டப்பர். புகழ் முழுக்க அம்மணிக்குப் போனதில் அவருக்கு உறுத்தல். கம்பெனியை விற்கிற யோசனையும் இருந்தது. பிரவுனியின் பெயரில் ஒரு பங்குகூடக் கிடையாது. குடியிருந்த வீடும் கம்பெனி வீடு. வழக்குப் போட்டு, கடைசியில் கைக்கு வந்தது ஒரு வருஷச் சம்பளம், சுமார் 30 ஆயிரம் டாலர். அதே 1958-ல் டப்பர் கம்பெனியை ரெக்ஸால் நிறுவனத்துக்கு விற்றார். விலை 1 கோடியே 60 லட்சம் டாலர்.

யோசித்துப் பாருங்கள். ரெக்ஸால் என்னத்தை விலைக்கு வாங்கியது? பிளாஸ்டிக் அச்சுகளை மட்டுமா? ஊர் ஊராகப் பெண்கள் வளர்த்து வைத்திருந்த பழக்கவழக்கத்தையும் சேர்த்துத்தான். பழகியவர்கள் ஒரு பக்கம், பட்டா வேறொருவர் பெயரில்.

நாற்பது வருஷம் தாண்டி வருவோம். 1996 ஜூலை 4. சண்டிகரில் பிறந்து பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியாவும், அவரது நண்பர் ஜாக் ஸ்மித்தும் கலிபோர்னியாவில் ஹாட்மெயிலைத் தொடங்கினார்கள். இலவச மின்னஞ்சல். கையில் இருந்த முதல் முதலீடு 3 லட்சம் டாலர். விளம்பரத்துக்கு எங்கே போவது?

பணம் போட்ட டிம் டிரேப்பர் ஒரு யோசனை சொன்னார். இங்கிருந்து போகிற ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும், உங்களுக்கும் இலவச மெயில் வேண்டுமா, இங்கே வாருங்கள் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் என்ன? முதலில் தயங்கினார்கள். அடுத்தவர் கடிதத்தில் நாம் எப்படி எழுதுவது? நியாயமான தயக்கம். ஆனால் சேர்த்தார்கள்.

அண்ணன் தங்கைக்கு எழுதினான். காதலன் காதலிக்கு எழுதினான். எல்லாக் கடிதத்திலும் கடைசி வரியாக ஹாட்மெயில் உட்கார்ந்திருந்தது. ஒன்றரை வருஷத்தில் சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர் சேர்ந்தார்கள். 1997 கடைசியில் மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது பத்திரிகைகள் சொன்ன விலை சுமார் 40 கோடி டாலர். ஜுரம் மாதிரி தொற்றிக்கொண்டே போனதால், இந்த உத்திக்கு வைரல் மார்க்கெட்டிங் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

என்ன மாறிவிட்டது, கவனித்தீர்களா? பார்ட்டி நடத்திய அம்மாவுக்குத் தான் விற்பனைக்கு உதவுகிறோம் என்று தெரியும். பதிலுக்குப் பரிசும் கிடைத்தது. ஹாட்மெயிலில் கடிதம் எழுதியவர் யாரும் அனுமதி கேட்டு வந்து நிற்கவில்லை. ஆனால் மெயில் ஓசி. சரி, போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அடுத்த படி இன்னும் ஆழம்.

2007 நவம்பரில், ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் ஸக்கர்பெர்க் விளம்பரக் கம்பெனிக்காரர்களைக் கூட்டிவைத்துப் பேசினார். நம்பிக்கையான நண்பர் செய்யும் சிபாரிசை மிஞ்சிய விளம்பரம் எதுவும் இல்லை என்பது பேச்சின் சாரம். பிரவுனி கேட்டிருந்தால், இதைத்தானே நானும் சொன்னேன் என்று சிரித்திருப்பார். கூடவே பீக்கன் என்றொரு திட்டம் அறிமுகமானது. 44 வலைத்தளங்கள் கூட்டு. அங்கே நீங்கள் எதையாவது வாங்கினால், இன்னார் இதை வாங்கினார் என்று உங்கள் நண்பர்களுக்கெல்லாம் ஃபேஸ்புக் தகவல் சொல்லிவிடும். வேண்டாம் என்று சொல்ல ஒரு சின்னப் பெட்டி கொஞ்ச நேரம் தோன்றி மறையும். கவனிக்காமல் விட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

அமெரிக்காவில் ஒரு கணவர், கிறிஸ்துமஸுக்கு மனைவியை அசத்தலாம் என்று ரகசியமாக ஒரு வைர மோதிரம் வாங்கினார். கொஞ்ச நேரத்தில் அந்தச் செய்தி, மோதிரத்துக்குக் கிடைத்த தள்ளுபடி விவரத்தோடு, அவருடைய நூற்றுக்கணக்கான நண்பர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. மனைவிக்கும்தான். யாருக்கு இந்த மோதிரம் என்று அந்த அம்மா கேட்டாராம். சர்ப்ரைஸ் போயே போச்சு!

மனிதர் வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவரானார். அதற்கு முன்பே எதிர்ப்பு மனுவில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். டிசம்பரிலேயே ஸக்கர்பெர்க் மன்னிப்புக் கேட்டார். 2009-ல் பீக்கனை மூடினார்கள். 95 லட்சம் டாலருக்குச் சமரசம்.

பாடம் கற்றார்களா? 2011-ல் இன்னொரு திட்டம் வந்தது. நீங்கள் ஒரு பொருளுக்கு லைக் போட்டால், உங்கள் பெயரும் படமும் அந்தப் பொருளின் விளம்பரத்தில், உங்கள் நண்பர்கள் கண்ணெதிரே. மறுபடி கோர்ட். 2013-ல் 2 கோடி டாலர் சமரசம். உரிமை கோரியவர்களுக்குத் தலைக்கு 15 டாலர்.

பார்ட்டி நடத்திய அம்மாவுக்கு உழைப்புக்குப் பரிசு தானாக வந்தது. இவர்களுக்கு 15 டாலர் கிடைக்கக் கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது.

இப்போது சக்கரம் இன்னொரு சுற்றுச் சுற்றியிருக்கிறது. நேற்று விற்கப்பட்டவருக்குத் தெரியாது. இன்று விற்பவருக்குத் தெரியும், கேட்கிறவருக்குத்தான் தெரியாது. லட்சக்கணக்கானோர் பின்தொடரும் ஒரு பெண், நான் தினமும் இந்த க்ரீம்தான் போடுகிறேன் என்று அக்கா மாதிரி சொல்கிறாள். பின்னால் கவர் கைமாறியது நமக்கு எப்படித் தெரியும்? அமெரிக்காவில் 2009-லேயே, காசு வாங்கினால் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று விதி வந்தது. இந்தியாவில் 2021-ல் விளம்பரத் தர கவுன்சிலும், 2023-ல் மத்திய அரசின் நுகர்வோர் துறையும் அதையே சொல்லின. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை.

டப்பர்வேர் 1996-ல் இந்தியாவுக்கு வந்தது. நம் வீட்டுச் சமையலறைகளிலும் ஏப்பம் விட்டது. 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் திவால் மனு போட்டது. டப்பா கம்பெனி சாய்ந்துவிட்டது. பிரவுனி கைதேர்ந்த அந்த வித்தை மட்டும் கொழித்துக்கொண்டிருக்கிறது.

பிரவுனியின் பார்ட்டியிலும் நட்பை வைத்து வியாபாரம்தான் நடந்தது. சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். டப்பா மேஜைமேலேயே இருந்தது. யாருக்கு என்ன லாபம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

இப்போது சித்தி பெண்ணின் புடைவைக்கு வருவோம். வாங்குவதும் வாங்காததும் உங்கள் இஷ்டம். ஆனால் அவள்மேல் கோபப்படாதீர்கள். விற்கிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் அவள் விற்கிறாள்.

சொல்லாமல் விற்கிறவர்களைப் பார்த்துத்தான் நாம் கவலைப்பட வேண்டும். அவர்கள் மேஜைமேல் டப்பா எதுவும் இருக்காது. நாம்தான் இருப்போம்.