மரச்சீனி விளையைக் காத்த குழல்

கேரள எல்லையோரப் பனச்சமூட்டில் மலையாளம் பேசுகிறவருக்கு அது தோக்கு, தமிழ் பேசுகிறவருக்குத் துப்பாக்கி, ஈழத்தில் துவக்கு. மூன்றுமே துருக்கிச் சொல் ஒன்றின் வழி வந்தவை. குழலின் வாய்வழியாக மருந்தைப் போட்டு இடித்து இறுக்கும் வகைக்கு ஈழத்தார் ‘இடியன் துவக்கு’ என்று தனிப்பெயரே வைத்தார்கள். அது செய்யும் வேலையைப் பார்த்து வைத்த பெயர். இந்த இடியனைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது: குழலுக்குள் புரி என்னும் சுழல் பள்ளம் வெட்டத் தெரியாத காலத்தின் மிச்சம் இது, போர்க்களம் கழித்துப் போட்ட சரக்கு என்று. நெய்யாற்றங்கரைக்கும் விளவங்கோட்டுக்கும் இடைப்பட்ட மலையடிவாரத்து விவசாயத்தோடு சேர்த்துப் பார்த்தால் கதை வேறு. இங்கே அது மண்வெட்டியைப் போல ஓர் உழவுக் கருவி. குழலின் உட்புறம் வழவழப்பாக இருந்ததுதான் அதன் தகுதி.

போரில் அது குறையாக இருந்தது உண்மை. 1741இல் குளச்சலில் டச்சுக்காரரை மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தபோது இரு தரப்பிலும் முழங்கியவை வழவழப்பான குழல்களே. சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாய் பின்னர் திருவிதாங்கூர்ப் படையைப் பழக்கியதும், உதயகிரிக் கோட்டைக்குள் வார்ப்படச் சாலை இயங்கியதும் இந்தக் குழல்களை நம்பித்தான். பிரிட்டிஷாரின் ‘பிரௌன் பெஸ்’ குழலின் வாய் முக்கால் அங்குலம். அதில் போடும் ஈய உண்டை அதைவிட ஒன்றரை மில்லிமீட்டர் சிறியது. கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் கசடாகிக் குழலில் படியும். உண்டை சிறியதாக இருந்தால்தான் அடுத்த முறையும் தடையில்லாமல் இறங்கும். அதற்குக் கொடுத்த விலை குறி. குழலின் சுவரில் மோதி மோதி வெளியேறும் உண்டை நூறு கெசத்துக்கு அப்பால் எங்கே போகும் என்று சுட்டவருக்கே தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் புரியிட்ட குழல் பரவியதும் படைகள் இதைக் கைவிட்டதில் வியப்பில்லை.

விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள், வரும் காட்டுப்பன்றிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மரச்சீனிச் (மரவள்ளி) செடியின் அடியைக் கிளறும் பன்றி இருட்டில், இருபது முப்பது கெசத்தில், செடி மறைவில் நிற்கும். அங்கே வேண்டியது ஒற்றை உண்டையின் துல்லியத்தைவிட, பல சன்னங்களின் பரவல். புரியிட்ட குழலில் சன்னங்களைப் போட்டால் அவை சுழன்று வெளியேறி, நடுவில் வெற்றிடம் விட்டு வளையமாகச் சிதறும். வழவழப்பான குழலில் அவை கொத்தாகப் போகும். நிரப்பும் முறையைப் பாருங்கள்: முதலில் கருமருந்து, அதன்மேல் தேங்காய் நார் உருண்டை, கோலால் இறுக்கமாக இடி. பிறகு சன்னம், ஏறக்குறைய மருந்தின் அதே அளவு. அதன்மேல் இன்னொரு நார். கீழ் நார் வெடியின் வேகம் சன்னங்களுக்கு இடையே கசிந்து வீணாகாமல் தள்ளும். மேல் நார் குழலைத் தாழ்த்தும்போது சன்னம் உருண்டு விழாமல் காக்கும். பன்றிக்கு உண்டை, கொக்குக்குப் பொடிச் சன்னம் என்று ஒரே குழல் எல்லாவற்றுக்கும் வாய் திறந்தது. புரி வெட்டத் தெரியாததால்தான் வழவழப்பு என்பாருக்கு ஒன்று சொல்லலாம்: எந்த நுட்பத்துக்கும் குறைவில்லாத இன்றைய தொழிற்சாலைகள் செய்யும் ‘12 போர்’ (bore) வேட்டைத் துப்பாக்கியின் குழலும் வழவழப்பாகத்தான் இருக்கிறது.

இடியன் திருட்டு வேட்டையின் கருவி அல்லவா என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. மலையில் மிளாவும் மானும் இதனால் செத்தன. பால்ரஸ் (பால் பேரிங்) குண்டு போட்ட நாட்டுத் துப்பாக்கி பிடிபடும் செய்தி இன்றும் வருகிறது. மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் சட்டம் இயற்றியவர்கள் கருவியையும் குற்றத்தையும் பிரித்தே பார்த்தார்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி நிரப்பும் துப்பாக்கி கேட்பவருக்கு உரிமம் தரவேண்டும் என்று அதன் பெயரைச் சொல்லியே எழுதியது. அது போதாது என்று அதிகாரி கருதினால்தான் வேறு வழவழப்புக் குழல் துப்பாக்கி. அதில் நியாயம் இருக்கிறது. புரிக்குழலின் உண்டை கிலோமீட்டர் தாண்டியும் ஆளைக் கொல்லும். சன்னத்தின் வேகம் சீக்கிரமே அடங்கிவிடும். விளைக்கு விளை வீடு நிற்கும் இந்த ஊர்களில் அது சிறிய வேறுபாடு இல்லை.

1956 நவம்பர் 1இல் இந்தப் பகுதி இரு மாநிலங்களாகப் பிரிந்த பிறகு பன்றிக்கும் இரண்டு நிர்வாகம். கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களே உரிமம் பெற்ற சுடுநரை அழைத்துப் பன்றியைச் சுட ஆணையிடலாம். தமிழ்நாட்டில் அந்த வேலை வனத்துறையினருடையது. பயிர்க் காவலில் இடியன் இரண்டு பக்கமும் ஓய்ந்துவிட்டது. பறிமுதலாகும் குழல்கள் அழிக்கப்படும்போது இந்த மண்ணின் விவசாய வரலாற்றில் ஒரு பக்கமும் சேர்ந்தே அழிகிறது. தமிழ்நாட்டு மண்ணில் கேரள அரசின் பொறுப்பில் இருக்கிற பத்மநாபபுரம் அரண்மனையில் அரசர்களின் ஆயுதங்கள் காட்சிக்கு இருக்கின்றன. விளை காத்த ஒரு குழலையும், அதன் கோலோடும் நார் உருண்டையோடும் அங்கே வையுங்கள் என்று இரு அரசுகளையும் கேட்டுக்கொள்கிறேன்.