யாழ்ப்பாணத்துக் கிணற்றடி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. மாரிகாலத்தில் மட்டும் நீர் காணும் வழுக்கியாற்றை ஆறென்று சொல்வது ஊர் வழக்கு; அவ்வளவே. பெய்யும் மழையைச் சுண்ணக்கற் பாறை உறிஞ்சித் தன்னுள்ளே தேக்கி வைக்கின்றது. அந்நீரைக் கிணறு வெட்டி மேலே கொணர்ந்தே மக்கள் குடித்தனர், குளித்தனர், புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் இறைத்தனர். பாறையை உடைத்துக் கிணறு வெட்டுதல் பெருஞ்செலவுக்குரிய காரியமாதலின், ஒரு கிணறு பல குடும்பங்களுக்குப் பங்காக அமைந்தது. பழைய காணி உறுதிகளைப் புரட்டிப் பார்ப்போர், நிலத்தின் பரப்போடு கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருத்தலைக் காண்பர். அவ்வுறுதிகளில் பெயர் இடம்பெறாதவர்க்கு நிலம் இல்லை, நீரும் இல்லை.

அவ்வாறு பெயர் இடம்பெறாதோர் யாவர்? பள்ளர், நளவர், பறையர், வண்ணார், அம்பட்டர் எனப் பிரித்து, பின்னர்ப் பஞ்சமர் என ஒரு பெயரால் ஒதுக்கப்பட்ட மக்களுட் பெரும்பாலோரே. பிறருடைய காணியிற் குடிசை கட்டி, அக்காணிக்காரருக்கே உழைத்து வாழ்ந்தவர்கள் அவர்கள். பனை ஏறியவர்களும் தோட்டங்கொத்தியவர்களும் அவர்களே. கிணறு வெட்டிய கைகளிலும் பல அவர்களுடையவை. ஆயினும் கட்டி முடிந்த கிணற்றின் துலாக்கயிற்றை அக்கைகள் தொடுதல் தகாது என்பது ஊர்க் கட்டுப்பாடு.

இக்கட்டுப்பாட்டின் கொடுமையை அறிய வேண்டுமாயின், ஒரு குடத்து நீரின் கதையை எண்ணிப் பார்த்தாற் போதும். குடிசைப் பெண் வெறுங்குடத்துடன் கிணற்றடிக்கு அப்பால் நிற்பாள். உரிமையுடைய வீட்டார் எவரேனும் வந்து அள்ளி ஊற்றும் வரையில் அவள் காத்திருத்தல் வேண்டும். அவர்களுக்கு நேரமில்லையாயின், அல்லது மனமில்லையாயின், துரவையோ குளத்தையோ நாடி நெடுந்தூரம் நடக்க வேண்டியதுதான். கோடைகாலத்தில் அத்துரவும் வற்றிவிடும். அவ்வாறு கழிந்த நேரம் எத்தகையது? அடுப்பு மூட்ட வேண்டிய நேரம். பிள்ளைக்குப் பாலூட்ட வேண்டிய நேரம். கூலிக்குப் போக வேண்டிய நேரம். அரிதிற் கிடைத்த நீர் குடிப்பதற்கும் சமைப்பதற்குமே போதும். குளிப்பதும் துணி தோய்ப்பதும் பின்னுக்குப் போயின. அழுக்கர் என்று அவர்களை ஒதுக்கியோர், அவ்வழுக்கைக் கழுவும் நீரைத் தாமே மறித்து வைத்திருந்தனர் என்பதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இந்நிலைக்கு வேர் மிக ஆழமானது. ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டில், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி யாழ்ப்பாண மக்களின் வழக்கங்களைத் திரட்டித் தேசவழமை என்ற தொகுப்பை ஆக்கினார். சீதனம், முதுசம், ஈடு என்பவற்றோடு அடிமைகளைப் பற்றியும் அதில் ஒரு பகுதி உண்டு. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் ஆகியோர் அங்கே பெயர் சுட்டப்படுகின்றனர். அடிமைப் பெண்ணின் வயிற்றிற் பிறந்த பிள்ளை தாயை உடையவனுக்கே உரியது என்பது வழமை. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டில் இத்தொகுப்புக்குச் சட்ட வலுவளித்தனர். பின்னர் 1821ஆம் ஆண்டில், அடிமைத் தாய்மாருக்குப் பிறக்கும் பெண்மகவுகளின் விடுதலையை அரசாங்கமே பணங்கொடுத்துப் பெற்றது. அடிமைத்தனம் தாய்வழியே தொடர்ந்ததாகலின், பெண்மக்களை விடுவித்தால் அதன் கொடி தானே அறுந்துபோகும் என்பது அதிகாரிகளின் கணக்கு. 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இலங்கையில் அடிமைமுறையை முற்றாக ஒழித்தது.

ஒழிந்தது ஏட்டில் இருந்த அடிமைமுறையே. விடுதலை பெற்றவனுக்கு ஒரு பரப்புக் காணியேனும் கொடுக்கப்படவில்லை. ஆதலால் முன்பு நின்ற அதே காணியில், அதே குடிசையில், அதே கிணற்றடிக்கு வெளியே அவன் நின்றான்.

நீரை மறித்த கட்டுப்பாடு பிறவற்றையும் விட்டுவைக்கவில்லை. மேலாடை, செருப்பு, மரண வீட்டுப் பறைமேளம் ஆகியவற்றுக்கெல்லாம் தடை இருந்தது. கந்தசாமி என்று பெற்றோர் பெயரிட்டாலும் ஊரார் வாயில் அவன் கந்தனே. தேநீர்க்கடையில் அவனுக்கு வாங்கில் இடமில்லை. வெளியே நிலத்திற் குந்தியிருந்து, தனியே வைக்கப்பட்ட போத்தலிலோ தகரப் பேணியிலோ குடித்தல் வேண்டும். காசு மட்டும் மற்றவர்களுடையதோடு ஒரே பெட்டியில் விழுந்தது.

பாடசாலையிலும் பிள்ளைகள் நிலத்திலேயே இருத்தப்பட்டனர். 1927ஆம் ஆண்டு நவெம்பர் மாதத்தில், மாணவர் காங்கிரஸின் அழைப்பை ஏற்று யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகள், தீண்டாமையைக் கண்டித்துப் பேசினார். ஹண்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர்கள் சம ஆசனம், சம போசனம் என்பவற்றைக் கொள்கையாகக் கொண்டு உழைத்தனர். உதவிப்பணம் பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்குதல் வேண்டும் என அரசாங்கம் 1929ஆம் ஆண்டையொட்டிப் பணித்தபோது, சில பாடசாலைகள் தீக்கிரையாயின. ஒரு சிறுவன் வாங்கில் இருப்பதைக் காட்டிலும் பாடசாலை எரிவது மேல் என்று கருதியவர்களும் அக்காலத்தில் இருந்தனர்.

அவ்விளைஞர்களின் வரலாற்றிலும் ஒரு முரண் உண்டு. 1931ஆம் ஆண்டிற் சர்வசன வாக்குரிமை வந்தது. கிணற்றடியில் நிற்க உரிமையற்றவனுக்கும் வாக்கு ஒன்று கிடைத்தது. ஆனால், வழங்கப்பட்ட சுயாட்சி போதாது என்று வாலிபர் காங்கிரஸ் முன்னின்று நடத்திய பகிஷ்கரிப்பினால், யாழ்ப்பாணத்து நான்கு தொகுதிகளும் 1934ஆம் ஆண்டு வரை வெறுமையாய்க் கிடந்தன. கொள்கை உயர்ந்ததே. எனினும், முதன்முறையாக வாக்குப் பெற்ற எளியவன் அதனைப் பயன்படுத்த மூன்றாண்டு காத்திருக்க நேர்ந்தது.

1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் படித்துப் பார்க்கத் தக்கது. பாடசாலையிற் சேர்தல், உணவுச்சாலைக்குட் செல்லுதல், வாகனத்திற் பயணஞ்செய்தல், பொதுக் கிணற்றில் நீர் அள்ளுதல், வழிபாட்டிடத்துட் புகுதல், உடம்பின் மேற்பகுதியை மூடும் ஆடை அணிதல், காலுக்குச் செருப்பணிதல் ஆகியவற்றைச் சாதி காரணமாகத் தடுப்பது குற்றம் என்கின்றது அச்சட்டம். சட்டசபையார் கற்பனையினாற் கண்ட குற்றங்களல்ல இவை. நாள்தோறும் நடந்தவற்றையே அவர்கள் வரிசைப்படுத்தினர். அந்நாளைய வாழ்க்கையை அறிய விரும்புவோருக்கு அதனிலும் சிறந்த சாட்சியம் கிடைப்பது அரிது.

சட்டம் வந்தும் தேநீர்க்கடைப் போத்தல் மறையவில்லை. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி, பீக்கிங் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சியினரின் தலைமையிற் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஓர் ஊர்வலம் புறப்பட்டது. பொலிஸார் தாக்கியபோதும் ஊர்வலத்தினர் யாழ்ப்பாணம் சேர்ந்து முற்றவெளியிற் கூட்டம் நடத்தினர். தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் தோன்றியது. சங்கானையிலும் சாவகச்சேரியிலும் கடைகளுட் புகுந்து தேநீர் கேட்டனர். ஒரு குவளைத் தேநீருக்காக அடிபட்டவர் பலர்; இப்போராட்டங்களில் உயிரிழந்தோரும் உளர். 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் அவர்களை மறித்து நின்றவர், ஒருகாலத்துக் கணிதப் பேராசிரியரும் இலங்கையின் முதல் மந்திரிசபையில் இருந்தவருமான செ. சுந்தரலிங்கம். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனக் கண்டது. கல்வி மிகுந்தாற் சாதி நீங்கும் என்போர் இவ்வழக்கைச் சற்று நினைவுகூர்தல் நன்று.

காலப்போக்கிற் கடைகள் திறந்தன. பல கோயில்களும் திறந்தன. எழுத்தாளர் கே. டானியல் இப்போராட்டங்களைப் பஞ்சமர் என்ற நாவலில் எழுதினார்; தண்ணீர் என்ற பெயரிலேயே வேறொரு நாவலும் எழுதினார். பொதுக் குழாய்களும் பொதுக் கிணறுகளும் ஊர்தோறும் வந்தன. ஆனால் வீட்டு வளவுக் கிணறு பொதுக் கிணறன்று. அதன் படலையைச் சட்டத்தினால் திறக்க இயலவில்லை.

1990ஆம் ஆண்டுக்குப் பின்னர் யுத்தத்தினால் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது, எல்லாச் சாதியாரும் ஒரே வழியிலேயே ஓடினர். நிலமும் வசதியான உறவினரும் உடையவர்கள் மெல்ல மெல்ல முகாம்களை விட்டு வெளியேறினர். வேறு போக்கிடமின்றி ஆண்டுக்கணக்காக முகாம்களிலேயே தங்கிவிட்டவர்களுட் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினரே என்பதை ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர். முகாமைச் சூழ்ந்த வளவுகளிற் கிணறுகள் இருந்தன. அவற்றில் நீர் அள்ளச் சென்றவர்களுக்கும் கிணற்றுக்காரருக்கும் இடையே மூண்ட பிணக்குகளும் அப்பதிவுகளில் இடம்பெற்றுள்ளன.