வீழ்ச்சியின் காவியமும் வீட்டின் கணக்கும்: ஜி. நாகராஜனை முன்வைத்து

செஞ்சி வட்டாரத்தில் வாழ்கிறவர்களுக்கு அழிவைப் பாட்டாக்கும் கலையை யாரும் தனியே சொல்லித்தர வேண்டியதில்லை. 1714ஆம் ஆண்டு அக்டோபர் 3 அன்று ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படையோடு பொருது மாண்ட தேஜ் சிங்கைத்தான் நம் மக்கள் தேசிங்குராசன் என்று பாடி வருகின்றனர். புந்தேல ராஜபுத்திரரான தந்தை சொரூப் சிங் இறந்து ஓராண்டு நிறையவில்லை. நிலுவைக் கப்பம் 70 இலட்சம் என்று நவாபு கணக்குக் காட்டினார். கோட்டை வலியது; மூன்று மலைகளையும் இணைத்த மதில் அது. உள்ளே இருந்து காலம் கடத்தியிருக்கலாம். 22 வயது இளைஞன் சில நூறு வீரர்களோடு வெளியே வந்து, பெரும்படையின் நடுவே குதிரையைச் செலுத்தினான். வரலாற்றாசிரியன் இதை அவசரம் என்பான். கதைப்பாடல் வீரம் என்றது. பெரிய எழுத்துப் பதிப்புகளும் தெருக்கூத்தும் 1960இல் வந்த எம்.ஜி.ஆர். திரைப்படமும் அந்தத் தீர்ப்பையே வழிமொழிந்தன.

அந்தக் கதையில் நாம் அதிகம் நிற்காத ஓர் இடம் உண்டு. தேசிங்கின் இளம் மனைவி அவன் சிதையில் உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக நவாபு ஓர் ஊரை அமைத்தார் என்பது வழக்கு. அதுதான் இராணிப்பேட்டை. ஊரின் பெயரைக் கவனியுங்கள். அதில் இருப்பது அவளுடைய பெயரன்று, அவளுடைய நிலை. கணவன் எடுத்த ஒரு நாள் முடிவுக்கு முழு விலையும் கொடுத்தவளுக்கு ஓர் ஊரே கிடைத்தது. பெயர் மட்டும் கிடைக்கவில்லை.

இந்தப் பழைய கதையை இங்கே நினைவூட்டக் காரணம் உண்டு. தன்னை அழித்துக்கொள்ளும் ஆணை நாயகனாக்கி, அவன் அழிவின் செலவை ஏற்றவர்களைப் பின்னணியில் நிறுத்தும் மனம் கதைப்பாடலோடு முடிந்துவிடவில்லை. நவீன இலக்கியம் வாசிக்கும் நம்மிடமும் அது இருக்கிறது. நமது சிறுபத்திரிகை மரபு கட்டியெழுப்பிய தொன்மங்களில் ஒன்றான ஜி. நாகராஜனை எடுத்துக்கொண்டு இதைப் பேச விரும்புகிறோம்.

*

நாகராஜன் 1929 செப்டம்பர் 1 அன்று மதுரையில் பிறந்தார். தந்தை கணேச ஐயர் பழனியில் வழக்கறிஞர். தாயை மிகச் சிறு வயதிலேயே இழந்த பிள்ளை உறவினர் வீடுகளில் மாறி மாறி வளர்ந்தார். கணிதத்தில் அபாரமான திறமை. முதுகலை முடித்துக் கல்லூரி ஆசிரியரானார். பொதுவுடைமைக் கட்சியோடு கொண்ட நெருக்கம் அவரது கல்லூரி வாழ்வைக் குலைத்தது. சில காலம் திருநெல்வேலியில் நா. வானமாமலையின் டுட்டோரியலில் பணிசெய்தார். 1950களின் நடுவிலேயே கட்சியிலிருந்தும் விலகினார். மதுரை திரும்பிய பின் டுட்டோரியல் கல்லூரிகளே அவருக்கு வாழ்வாதாரமாயின. அவருடைய கணித வகுப்புக்காகவே மாணவர்கள் தேடி வந்தனர் என்று அக்காலத்தவர் பலர் பதிவு செய்திருக்கின்றனர்.

குடும்ப வாழ்வின் தொடக்கமே பேரிடியோடு நிகழ்ந்தது. 1959இல் ஆனந்தா என்ற பெண்ணை மணந்தார். மணமான சில மாதங்களுக்குள் அவர் தீவிபத்தில் இறந்துபோனார். 1962இல் பள்ளி ஆசிரியையான நாகலட்சுமியை மணந்தார். இரண்டு குழந்தைகள் பிறந்தனர். மறு ஆண்டே, 1963இல், 'குறத்தி முடுக்கு' வெளிவந்தது. 1971இல் 'கண்டதும் கேட்டதும்' சிறுகதைத் தொகுதி. 1974இல் 'நாளை மற்றுமொரு நாளே'. இரண்டு குறுகிய நாவல்களும் முப்பத்துச் சொச்சம் சிறுகதைகளும்: புனைவில் அவர் விட்டுச்சென்றது ஏறத்தாழ இவ்வளவே.

அதன்பின் நிகழ்ந்தது நீண்ட சரிவு. குடியும் கஞ்சாவும் உடலைத் தின்றன. வேலை போயிற்று, வீட்டோடு இருந்த தொடர்பு நைந்தது. தூய வெள்ளை வேட்டி ஜிப்பாவில் கம்பீரமாக நடமாடியவர் அழுக்கு உடையோடு நண்பர்களிடம் சில்லறை கேட்கும் நிலைக்கு வந்ததை சுந்தர ராமசாமியும் சி. மோகனும் எழுதியிருக்கின்றனர். 1981 பிப்ரவரி 19 அன்று மதுரை அரசு மருத்துவமனையில் அவர் இறந்தபோது வயது 51.

*

இறந்த பின் தொன்மம் பிறந்தது. 'கலகக்காரன்', 'சமரசமற்றவன்', 'வாழ்ந்ததை எழுதியவன், எழுதியதை வாழ்ந்தவன்' என்றெல்லாம் அடைமொழிகள் சேர்ந்தன. இளம் வாசகர் பலர் நாவல்களைத் தொடும் முன்பே இந்தக் கதைகளைக் கேட்டுவிடுகின்றனர். நண்பர்கள் எழுதிய நினைவுக் குறிப்புகளில் அன்பும் குற்றவுணர்வும் நேர்மையும் உண்டு. அவை இல்லாவிட்டால் நமக்கு நாகராஜனே கிடைத்திருக்கமாட்டார். ஆயினும் ஒன்றைச் சொல்லவேண்டும்: நண்பன் பார்ப்பது மாலை நேரத்து மனிதனை. தேநீர்க்கடையில், விடுதி அறையில், உரையாடலின் ஒளியில் அவன் தெரிகிறான். பேச்சு முடிந்து அவன் திரும்பிப் போகும் வீட்டை, அல்லது போகாமல் விட்ட வீட்டை, நண்பன் பார்ப்பதில்லை.

'நாளை மற்றுமொரு நாளே' பற்றி முதுகலை வகுப்பில் பேசியபோது, ஆசிரியரின் வாழ்க்கைக் குறிப்பை வழக்கமான வியப்புத் தொனியிலேயே சொல்லி வந்தோம். செஞ்சியைச் சுற்றியுள்ள கிராமம் ஒன்றிலிருந்து வரும் மாணவி எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அவங்க வீட்டுல அப்ப யாரு ஐயா சம்பாதிச்சது?" வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. 2003 முதல் அரசே சில்லறையில் மது விற்கும் மாநிலத்தில், முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகள் அவர்கள். குடிக்கும் தகப்பன் அவர்களில் பலருக்கு இலக்கியப் பிம்பமன்று. மாதக் கடைசியின் கணக்கு. அந்தக் கேள்விக்கு விடை எளிது: ஆசிரியையான மனைவி. ஆனால் அந்த விடையை நமது இலக்கிய வரலாறு ஒரு வரியில் கடந்துவிடுகிறது.

எல்லோர் விஷயத்திலும் இப்படி நடந்துவிடவில்லை. 1921இல் பாரதி மறைந்த மறு ஆண்டே அவரது பாடல்களைப் பதிப்பிக்க முன்வந்தவர் செல்லம்மாள். பின்னர் கணவரின் சரித்திரத்தையும் அவர் சொல்லி எழுதுவித்தார். வறுமையை, ஊரின் ஏச்சை, அரிசியைக் குருவிகளுக்கு இறைத்த கணவரின் வீட்டில் அடுப்பெரித்த பாட்டை நாம் அறிவது அவர் வழியாகவும்தான். 1948இல் காசநோயால் மாண்ட புதுமைப்பித்தன் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்று நூலாயின. கமலா விருத்தாசலம் தாமே சிறுகதைகள் எழுதியவர். தஸ்தயேவ்ஸ்கியின் சூதாட்ட வெறி 1871 வரை நீடித்தது. அடகுக் கடைக்குப் போன நகைகளின் கணக்கை உலகத்துக்குச் சொன்னவர் அன்னா. சுருக்கெழுத்தாளராக 1866இல் அவர் வீட்டுக்குள் வந்தவர்; 1873இல் கணவரின் நாவலைத் தாமே பதிப்பித்து விற்றவரும் அவரே. அந்தப் பெண்கள் பேசியதால் அந்த எழுத்தாளர்கள் சிறுத்துப்போகவில்லை. மாறாக, மனிதர்களாயினர்.

நாகராஜனோடு ஒப்பிடத்தக்க இன்னொருவர் மண்ட்டோ. அவரும் பாலியல் தொழிலாளரின் வாழ்வைக் கூச்சமின்றி எழுதியவர். 1955 ஜனவரி 18 அன்று லாகூரில் தமது 42ஆம் வயதில் குடியால் மாண்டவர். மனைவி சஃபியாவும் மூன்று பெண் குழந்தைகளும் பின்னால் நின்றனர். மண்ட்டோவைப் பேசுகிற எவரும் இன்று சஃபியாவைத் தவிர்த்துப் பேச முடிவதில்லை. நாகலட்சுமி என்ற பெயரை நாம் எத்தனை கட்டுரைகளில் வாசித்திருக்கிறோம்?

*

இங்கே ஒரு மறுப்பு எழும். அந்த வாழ்க்கை இல்லாமல் அந்த எழுத்து வந்திருக்குமா என்பதே அது. கேள்வி நியாயமானது, விடையை நாம் இரண்டாகப் பிரிக்கவேண்டும்.

மதுரையின் இருண்ட சந்துகளுக்குள் நாகராஜன் போனார். தரகரையும் விலைமாதரையும் ரவுடிகளையும் அருகிருந்து அறிந்தார். அவர்களை இரக்கத்துக்குரியோராகவோ திருத்தப்பட வேண்டியோராகவோ பார்க்காமல், நம்மைப்போல் கணக்குப் போட்டு வாழும் மனிதராகப் பார்த்தார். தமிழ்ப் புனைவுக்கு இது புதிது. 'குறத்தி முடுக்கு' தங்கம் நமக்குக் கிடைத்தது அந்த அண்மையால்தான். இதில் ஐயமில்லை.

ஆனால் அந்த அண்மையை எழுத்தாக்கியது எது? அவரது உரைநடையைப் பாருங்கள். ஒரு சொல் மிகாது. உணர்ச்சி பெருகும் இடத்தில் வாக்கியம் சுருங்கும். ஆசிரியர் குறுக்கிட்டுக் கண்ணீர் விடுவதில்லை. படிகளை வரிசையாக வைத்துவிட்டு விடையை வாசகரிடமே விடுகிறார். இது கணித ஆசிரியனின் கை. போதையின் கையெழுத்து இதில் இல்லை. ஆண்டுகளின் வரிசையும் இதையே சொல்கிறது. முதல் நாவல் 1963, தொகுதி 1971, இரண்டாம் நாவல் 1974. அதற்குப் பின் 7 ஆண்டுகள் உயிரோடிருந்தார். மூன்றாவது நாவல் இல்லை. சரிவுதான் கலையைத் தந்தது என்றால், சரிவு முற்றிய காலத்தில் கலை பெருகியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. வேலையும் வகுப்பும் வீடும் ஏதோ ஒரு வகையில் நின்றுகொண்டிருந்தவரை அவர் எழுதினார். வீட்டை நிறுத்திவைத்தது யாருடைய சம்பளம் என்ற கேள்வியை இப்போது மீண்டும் கேட்டுப்பார்க்கலாம்.

*

வியப்பு என்னவென்றால், தொன்மம் மறந்ததை நாவல் மறக்கவில்லை. 'நாளை மற்றுமொரு நாளே' கந்தன் என்பவனின் ஒரு நாள். காலையில் எழுந்ததும் அவனுக்குக் குடி வேண்டும். உடல் தளர்ந்துகொண்டிருப்பதை அவன் அறிவான். அவன் மனைவி மீனா பாலியல் தொழிலில் இருப்பவள். பொதுவாக இந்நாவலைப் பேசுவோர் கந்தனின் அலட்சியத்தை, சுதந்திரத்தை, எதற்கும் அஞ்சாத தோரணையைப் பேசுகின்றனர். நமக்கோ, நாள் முழுவதும் அவனுள் ஓடும் வேறொரு கவலையே நாவலின் உயிர்நாடியாகப் படுகிறது: தனக்குப் பின் மீனா என்ன ஆவாள்? அவளை யாரிடமாவது சேர்த்துவிட வேண்டும், அவளுக்கு ஒரு நிலை ஏற்படுத்திவிட வேண்டும் என்று அவன் மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. ஊர் அவனை உதவாக்கரை என்கிறது. அவனோ தன் வீட்டைப் பற்றித் திட்டமிடுகிறான். நாள் முடிவதற்குள் காவல் துறையின் பிடியில் சிக்கிக்கொள்கிறான்.

நாவலைக் கொண்டு ஆசிரியரின் வாழ்வை அளப்பது ஆபத்தான வேலை. அதை நாம் செய்யவில்லை. கந்தன் நாகராஜன் அல்லன். மீனா நாகலட்சுமி அல்லர். என்றாலும் இவ்வளவு சொல்லலாம்: தன்னை அழித்துக்கொள்கிறவன் தனியே அழிவதில்லை என்பதை அந்த நாவலாசிரியர் நன்கு அறிந்திருந்தார். தாளில் அதை ஈவிரக்கமின்றி எழுதவும் முடிந்தது. வாழ்வில் அந்த அறிவு அவரைக் காப்பாற்றவில்லை. இந்த இடைவெளிதான் அவர் வாழ்வின் துயரம். அடைமொழிகள் இந்த இடைவெளியை மூடிவிடுகின்றன. கலகக்காரன் என்று சொன்ன மறுகணமே துயரம் சாகசமாகிவிடுகிறது.

நாம் ஒழுக்கத் தீர்ப்பு வழங்க வரவில்லை. தாயற்ற குழந்தைமை, கட்சியில் கண்ட கனவு கலைந்தது, முதல் மனைவியின் கொடிய மரணம் என்று ஒருவர்மீது இவ்வளவு விழுந்தபின் அவர் ஏன் நிமிர்ந்து நிற்கவில்லை என்று கேட்க நமக்கு உரிமையில்லை. குடி ஒரு நோய் என்ற அறிவு இன்று நமக்கு இருக்கிறது. அவர் காலத்து மதுரையில் அது நண்பர்களுக்கும் உறவினருக்கும் எளிதில் எட்டியிருக்காது. அவரை இகழ்வது எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறு நோயைத் தத்துவமாக்கிக் கொண்டாடுவதும். அந்தக் கொண்டாட்டத்தின் நிழலில், எழுதவேண்டிய இளைஞர் சிலர் எழுதாமல் குடித்துக் கழிந்ததை நம் தலைமுறையிலேயே கண்டிருக்கிறோம். நாகராஜனின் வாக்கியத்தைப் பின்பற்றக் கடும் உழைப்பு வேண்டும். அவரது கோப்பையைப் பின்பற்ற எதுவும் வேண்டாம்.

தமிழ் எழுத்தாளரின் வாழ்க்கை வரலாறுகளை இனி எழுதுவோர் ஒரு பழக்கத்தை மேற்கொள்ளலாம். எழுத்தாளன் எங்கே அமர்ந்து குடித்தான் என்பதைப் பதிவு செய்யும் அதே அக்கறையோடு, அந்த மாதம் வீட்டு வாடகையை யார் கொடுத்தார்கள், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை யார் கட்டினார்கள், கைப்பிரதிகளை யார் எடுத்துவைத்தார்கள் என்பதையும் கேட்டு எழுதவேண்டும். அப்போது கந்தனின் கவலை நாவலுக்கு வெளியேயும் வாசிக்கக் கிடைக்கும். அதுவரை, நாகராஜனை வாசிக்கப் புகும் இளையோர் கதைகளைக் கேட்பதற்கு முன் புத்தகத்தைத் திறக்கட்டும். அங்கே குடிகாரன் இல்லை. தமிழின் மிகத் தெளிந்த கண்களில் ஒன்று இருக்கிறது.