கூண்டில் நிற்க வேண்டியவர் யார்?

களவு கொடுத்தவனை நோக்கி, "நீ ஏன் பொருள் வைத்திருந்தாய்?" என்று எந்த நீதிபதியும் கேட்பதில்லை. வழிப்பறிக்கு ஆளானவனின் பழைய நடத்தையை ஆராய்ந்து, அவன் பறிகொடுக்க இசைந்திருந்தான் என்று எவரும் தீர்ப்புக் கூறுவதுமில்லை. ஆயின், பெண்ணொருத்தி வன்முறைக்கு இலக்காகும்போது மாத்திரம், குற்றஞ் செய்தவனை விடுத்து அவளையே விசாரிக்கும் வழக்கம் சமுதாயத்தில் வேரோடியிருக்கிறது. எந்நேரத்திற் சென்றாள், என்ன உடுத்தாள், யாருடன் பழகினாள், ஏன் கூக்குரலிடவில்லை என்னுங் கேள்விகள் அவளைச் சூழ்ந்துகொள்கின்றன. எமது மொழியில் நெடுங்காலம் வழங்கிவந்த 'கற்பழிப்பு' என்னுஞ் சொல்லே இதற்குச் சான்று. அச்சொல்லில் அழிந்துபோவது அவளுடைய கற்பு. செய்தவனின் குற்றமோ பின்னே மறைந்துவிடுகிறது. இவ்வழக்கத்தைப் பெண்கள் எவ்வாறு எதிர்த்தனர் என்பதை இந்தியாவின் அண்மைக்கால வரலாற்றிலிருந்து நோக்குவோம்.

1972 ஆம் ஆண்டு மார்ச் 26 ஆந் திகதி இரவு, மகாராஷ்டிர மாநிலத்தின் தேசாய்கஞ்ச் பொலிஸ் நிலையத்துக்கு ஆதிவாசிச் சிறுமி ஒருத்தி அழைக்கப்பட்டாள். பெற்றோரை இழந்தவள், கூலிவேலை செய்து வாழ்ந்தவள், வயது பதினாறுக்கு மேற்படாது. குடும்பத் தகராறு ஒன்றின் விசாரணை முடிந்து உடன் வந்தோர் வெளியேறியபோது, அவள் மட்டும் உள்ளே நிறுத்திவைக்கப்பட்டாள். அங்கு தனக்கு நேர்ந்த கொடுமையை, வெளியே காத்துநின்ற உறவினரிடமும் ஊராரிடமும் அவள் அன்றிரவே கூறினாள். பொலிஸார் இருவர் மீது வழக்குத் தொடரப்பட்டது.

1974 இல் முதல் விசாரணை நடத்திய நீதிமன்றம் அவளுடைய முந்திய வாழ்க்கையைச் சுட்டிக்காட்டி, அவளைப் பொய் கூறுபவள் என்றது, இருவரையும் விடுவித்தது. 1976 இல் பம்பாய் மேல் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. அச்சத்தால் அடங்கிப்போவது இசைவாகாது என்னும் எளிய உண்மையை அது ஏற்றுக்கொண்டது. 1978 இல் இந்திய உச்ச நீதிமன்றமோ, உடலிற் காயங்கள் இல்லை, ஆகவே எதிர்ப்பு இல்லை, ஆகவே இசைவு உண்டு எனக் கண்டு இருவரையும் மீண்டும் விடுதலை செய்தது. நள்ளிரவை நெருங்கும் வேளையில், பொலிஸ் நிலையத்தின் அடைத்த கதவுக்குள் ஓர் ஏழைச் சிறுமி எவ்வாறு எதிர்த்திருக்க முடியும் என்பது அத்தீர்ப்பின் சிந்தனைக்கு எட்டவில்லை.

இதனைத் தனி நீதிபதிகளின் குறைபாடு என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. பிரித்தானிய ஆட்சியில் இயற்றப்பட்ட 1872 ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், இத்தகைய வழக்குகளிற் பெண்ணின் 'ஒழுக்கக் கேட்டை' எடுத்துக்காட்டி அவளுடைய சாட்சியத்தை மறுக்க வெளிப்படையாகவே இடமளித்தது. பெண்ணை ஆடவனின் உடைமையாகவும், குலமானத்தின் காப்பிடமாகவும் எண்ணும் நிலவுடைமைக் கருத்தே அங்கு சட்டமாகியிருந்தது. சாதியாலும் வறுமையாலும் தாழ்த்தப்பட்ட பெண்ணுக்கோ, காக்கப்பட வேண்டிய அந்த மானமும் இல்லை என்று கருதப்பட்டது.

1979 செப்டெம்பரில் உபேந்திர பக்ஷி, வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர், லொத்திகா சர்க்கார் என்னும் சட்ட ஆசிரியர் நால்வர், பிரதம நீதியரசருக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்றை வரைந்தனர். அடங்கிப்போதல் வேறு, இசைதல் வேறு என்பதை அவர்கள் வலியுறுத்தினர். அக்கடிதத்தை ஆயுதமாக ஏந்தியவர்கள் இளம் பெண்களே. மாணவர் இயக்கங்களிலும் இடதுசாரிக் குழுக்களிலும் பயின்ற பெண்கள் பலர், 1980 தொடக்கத்திற் பம்பாயில் வன்புணர்ச்சிக்கு எதிரான மன்றத்தில் ஒன்றுகூடினர். அவ்வாண்டு மார்ச் 8 ஆந் திகதி, சர்வதேச மகளிர் தினத்தன்று, பல நகரங்களில் ஊர்வலங்கள் நடைபெற்றன. அதுகாறும் வீட்டினுள்ளே முணுமுணுக்கப்பட்ட ஒரு கொடுமை, பொதுவீதியின் அரசியற் கோரிக்கையாயிற்று.

அதன் பயனாக 1983 இற் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நிகழும் வன்புணர்ச்சி வழக்கில், தான் இசையவில்லை எனப் பெண் மன்றிற் கூறுவாளாயின், இசைவில்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டுமென விதிக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவளின் பெயரை வெளியிடுவதும் குற்றமாக்கப்பட்டது. ஒழுக்கத்தைப் பழிக்க இடமளித்த பழைய பிரிவோ, நூற்றுமுப்பது ஆண்டுகள் கடந்து 2002 ஆம் ஆண்டின் திருத்தத்தாலேயே நீங்கியது. எதிர்த்துப் போராடாமையை மட்டும் கொண்டு இசைவெனக் கொள்ளலாகாது என்பது 2013 இல் சட்டத்தில் எழுதப்பட்டது.

சட்டம் மாறினும் கேள்வி மாறவில்லை. 2015 இல் தில்லி மாணவியர், பெண்கள் விடுதிகளை மாலையிற் பூட்டும் விதிகளுக்கெதிராக 'பிஞ்சரா தோட்', அதாவது 'கூட்டை உடை' என்னும் இயக்கத்தைத் தொடங்கினர். 2017 செப்டெம்பரில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக வளாகத்தினுள் மாணவியொருத்தி இழிவுபடுத்தப்பட்டபோது, ஏன் நேரந்தாழ்த்தி வந்தாய் என்று அவளிடமே வினவப்பட்டதாக மாணவியர் குற்றஞ்சாட்டினர். அவர்கள் பல்கலைக்கழக வாயிலில் அமர்ந்து போராடினர். பொலிஸாரின் தடியடிக்கும் ஆளாயினர். வீதியில் விளக்கும் வளாகத்திற் காவலும் கேட்டவர்களுக்கு அடியே விடையாகக் கிடைத்தது. பாதுகாப்பு என்ற பெயரால் பெண்ணைப் பூட்டிவைப்பதும், குற்றத்தின் பொறுப்பை அவள்மீது சுமத்துவதும் ஒரே கருத்தின் இரு பக்கங்கள் என்பதை அவர்கள் தெளிவாகக் கண்டிருந்தனர்.

இவ்வரலாறு எமக்குப் புறம்பானதன்று. இலங்கையின் 1895 ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டம், அந்த 1872 ஆம் ஆண்டுச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டே ஆக்கப்பட்டது. எதிர்ப்பைக் காட்டும் உடற்காயங்கள் இன்றியமையாதன அல்ல என்று எமது தண்டனைச் சட்டக்கோவை 1995 ஆம் ஆண்டிலேயே திருத்தப்பட்டுவிட்டது. ஆயினும், சட்டநூலில் எழுதப்பட்ட அவ்வரி எமது ஆசிரியர் அறைகளையும், விடுதி அலுவலகங்களையும், வீட்டுத் திண்ணைகளையும் எட்டியிருக்கின்றதா? முறைப்பாட்டுடன் வரும் மாணவியிடம் நாம் கேட்கும் முதற் கேள்வி எது என்பதிலேயே அதன் விடை தங்கியிருக்கிறது. "நீ ஏன் அங்கு சென்றாய்?" என்று கேட்குமிடத்து, 1974 ஆம் ஆண்டின் தீர்ப்பையே நாம் மீண்டும் எழுதுகின்றோம். "அவன் என்ன செய்தான்?" என்று கேட்கப் பழகுவோமாக.