சுங்கச் சாவடியும் சொந்த ஊரும்

சிகந்தராபாத்தைச் சேர்ந்த மாரெட்பள்ளியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, தாங்கள் இங்கு வந்து குடியேறிய காலத்தைத் தலைமுறைக் கணக்கில்தான் சொல்லும். 1806ஆம் ஆண்டில் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் இங்கே கண்டோன்மெண்ட் அமைந்தது. சென்னைப் பட்டாளங்களின் சிப்பாய்களும், அவர்களுக்குப் பண்டம் அளித்த வணிகரும், கணக்கெழுதிய குமாஸ்தாக்களும் அதனைத் தொடர்ந்து தென்னாட்டிலிருந்து வந்து சேர்ந்தனர். அவர்கள் வந்தது வேறோர் அரசரின் ஆட்சிக்கு உட்பட்ட நாட்டுக்கு. ஆயினும் அயல்நாட்டில் வாழ்கிறோம் என்ற எண்ணம் அவர்களுக்கு எழக் காரணமில்லை. கோடைக்கு ஊர் சென்றனர். பெண் எடுத்தனர், பெண் கொடுத்தனர். முதியோர் மறைந்தால் செய்தி கேட்டவுடன் வண்டியேறினர். இத்தனைக்கும் இடையில் ஓர் எல்லை இருந்தது. அந்த எல்லை ஒரு காலத்தில் இலேசாகவும், மற்றொரு காலத்தில் தாங்கொணாப் பாரமாகவும் இருந்தது எவ்வாறு என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

ஐதராபாத் சமஸ்தானத்துக்கு எல்லைக்குரிய அடையாளங்கள் அனைத்தும் இருந்தன. 1802இல் கிழக்கிந்தியக் கம்பெனியுடன் செய்துகொண்ட வர்த்தக உடன்படிக்கை, நூற்றுக்கு ஐந்து என்ற சுங்க விகிதத்தை வகுத்தது. சுங்க இலாகாவுக்குக் கரோட்கிரி என்று பெயர். நிஜாமுக்குத் தனித் தபால் தலை உண்டு. தனி நாணயமும் உண்டு. ஹாலி சிக்கா என வழங்கிய அந்த நாணயத்தில் 116 ரூபாய் 10 அணா 8 பை கொடுத்தால் இந்திய ரூபாய் நூறு கிடைக்கும். ஏழுக்கு ஆறு என்பது சுருக்கக் கணக்கு. சிகந்தராபாத்தில் வழங்கிய ரூபாய் ஒன்று, ஏரியைத் தாண்டி ஐதராபாத் நகருக்குள் வழங்கிய ரூபாய் இன்னொன்று. சந்தைக்குப் போகிறவரின் மனக்கணக்கு வன்மை பெறுவதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் வேண்டியதில்லை.

இவ்வளவு இருந்தும் பிரயாணி பெரிதும் துன்புறவில்லை என்றால், அதற்குக் காரணம் இரண்டு அரசுகளும் ஒரே மேலாட்சியின் கீழ் இருந்தமையே. நிஜாமின் நாட்டில் ஆங்கில அரசு தன் ரயில்பாதை நிலங்களில் அதிகாரம் செலுத்தியது. 1874இல் வாடியிலிருந்து சிகந்தராபாத்துக்கு இருப்புப்பாதை வந்தது. 1889இல் அது பெஜவாடாவைத் தொட்டது. காஜிப்பேட்டையிலிருந்து வடக்கே பல்லார்ஷா வரை பாதை முடிந்தபின், 1929 முதல் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கிற்று. ஒரு படத்தை விரித்துப் பார்த்தால் இதன் முக்கியத்துவம் விளங்கும். சென்னையிலிருந்து டில்லி செல்லும் வண்டி, கொண்டபள்ளியைத் தாண்டி மதிரா வந்ததும் நிஜாமின் நாட்டுக்குள் புகும். வாரங்கல், காஜிப்பேட்டை வழியாக நெடுந்தூரம் அந்நாட்டுக்குள்ளேயே ஓடும். சென்னையிலிருந்து பம்பாய் செல்லும் வண்டியோ துங்கபத்திரைப் பாலத்தைக் கடந்து ராய்ச்சூரில் நுழைந்து, வாடி, குல்பர்கா கண்டு, பின்னரே ஷோலாப்பூர் எல்லையை அடையும். ஆகவே டில்லியில் உத்தியோகம் பார்த்த தமிழரும், பம்பாய் மாதுங்காவில் குடியிருந்த தமிழரும், ஐதராபாத்தில் ஒருநாளும் காலடி வைக்காதவராயினும், ஊருக்குப் போகும்போதெல்லாம் நிஜாமின் மண்ணைக் கடந்தே போயினர். பெரும்பாலோர் அதைத் தூக்கத்தில் கடந்திருப்பார்கள். எல்லை எவ்வாறிருக்க வேண்டும் என்பதற்கு இதுவே சான்று என்று நமக்குத் தோன்றுகிறது.

1947 ஆகஸ்டு 15ஆம் நாள் அந்த மேலாட்சி மறைந்தது. இந்திய சுதந்திரச் சட்டத்தின் ஏழாம் பிரிவு, சமஸ்தானங்களுக்கும் ஆங்கில மன்னருக்கும் இடையே இருந்த உடன்படிக்கைகள் யாவும் அற்றுப்போயின என்று ஒரே வாக்கியத்தில் கூறிவிட்டது. மொழிபெயர்ப்புத் தொழிலில் நாட்களைக் கழிக்கும் நமக்கு அதனினும் சுவையாகத் தோன்றுவது, அதன் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும் விலக்கு வாசகம். சுங்கம், சரக்குப் போக்குவரத்து, தபால், தந்தி முதலியவை பற்றிய ஏற்பாடுகள் மட்டும், ஒரு தரப்பு மறுக்கும்வரை அல்லது புதியன வரும்வரை, இயன்ற அளவு தொடரும் என்கிறது அந்த வாசகம். மணிமுடிகளைப் பற்றிய உடன்படிக்கைகள் ஒரு நொடியில் மறையலாம். தபால் பையைப் பற்றிய உடன்படிக்கை மறையலாகாது என்பதை, சட்டம் எழுதியவர்கள் நன்கு அறிந்திருந்தனர். ஆயினும் 'இயன்ற அளவு' என்ற இரு சொற்களில்தான் பின்னால் வந்த தொல்லைகளெல்லாம் குடியிருந்தன.

நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் இந்திய ஒன்றியத்திலும் சேரவில்லை, பாகிஸ்தானிலும் சேரவில்லை. தாம் தனியரசர் என்பதே அவரது நிலை. பல மாதப் பேச்சுக்குப் பின், 1947 நவம்பர் 29ஆம் நாள் ஓர் இடைக்கால உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சுதந்திரத்துக்கு முன் இருந்த ஏற்பாடுகள் ஓராண்டுக் காலம் இருந்தபடியே இருக்கும் என்பது அதன் சாரம். இந்தியாவின் பிரதிநிதியாக கே. எம். முன்ஷி ஐதராபாத்துக்கு வந்தார். அங்கே மீர் லாயக் அலி பிரதமரானார். இருவரும் பிற்காலத்தில் தத்தம் நூல்களில் இந்த மாதங்களை விவரித்திருக்கின்றனர். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு, இருவரும் ஒரே ஊரைப் பற்றித்தான் எழுதுகிறார்களா என்ற ஐயம் எழும்.

இருந்தபடி இருக்கும் என்ற சொல்லின் மை உலர்வதற்குள் ஐதராபாத் அரசு இரண்டு அவசரச் சட்டங்களைப் பிறப்பித்தது. இந்திய நாணயம் சமஸ்தானத்தில் செல்லாது என்பது ஒன்று; விலையுயர்ந்த உலோகங்களை வெளியே கொண்டுபோகலாகாது என்பது மற்றொன்று. டில்லியில் இவை அரசியல் பிரச்சினைகளாக விவாதிக்கப்பட்டன. பிரயாணியின் நிலையிலிருந்து நோக்கினால் அவற்றின் உருவம் வேறு. சென்னையிலிருந்து வந்து இறங்குகிறவர் கையிலிருப்பது சென்னை நோட்டு. அது இனி இங்கே வெறும் காகிதம். ஊரில் திருமணம் நடத்தப் புறப்படும் குடும்பத்தின் பெட்டியில் இருப்பது பொன்னும் வெள்ளியும். அது தாலியா, ஏற்றுமதிச் சரக்கா என்று தீர்மானிப்பவர் ஒரு சிப்பந்தி. சட்டம் எழுதுகிறவர் மூட்டையை நினைத்து எழுதுகிறார். அது வந்து விழுவதோ பெட்டியின் மேல்.

மறுபுறம் இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. ஐதராபாத்தைச் சூழ்ந்த சென்னை, பம்பாய், மத்திய மாகாணங்களின் எல்லைகளில் சரக்கு நிறுத்தப்பட்டது. தொடக்கத்தில், தடை ஆயுதங்களுக்கே என்று புதுடில்லி கூறியது. மருந்தும், உப்பும், குடிநீரைத் தூய்மை செய்யும் குளோரினும்கூட வரவில்லை என்று ஐதராபாத் முறையிட்டது. தலைநகரில் இருப்பவர் ஓர் ஆணையை ஒரு பொருளில் எழுத, எல்லைச் சாவடியில் நிற்பவர் அதை வேறு பொருளில் நிறைவேற்றுவது உலகெங்கும் உள்ள வழக்கம். டெக்கான் ஏர்வேஸ் விமானங்கள் நின்றன. சிட்னி காட்டன் என்ற ஆஸ்திரேலிய விமானி கராச்சியிலிருந்து இரவில் ஆயுதம் கொண்டுவந்து இறக்கினார். வானத்துக்குச் சாவடி கிடையாதென்பதால், துப்பாக்கிக்குக் கிடைத்த வழி நோயாளியின் மருந்துக்குக் கிடைக்கவில்லை.

சமஸ்தானத்துக்குள்ளே காசிம் ரஜ்வியின் ரஜாக்கர் படை நாளுக்கு நாள் அச்சத்தை வளர்த்தது. பல்லாயிரம் பேர் மூட்டை முடிச்சுகளுடன் எல்லை கடந்து அண்டை மாகாணங்களுக்கு ஓடினர். 1948 மே 22ஆம் நாள், குல்பர்கா ஜில்லாவைச் சேர்ந்த கங்காப்பூர் நிலையத்தில், சென்னையிலிருந்து பம்பாய் சென்ற ரயில் வண்டி தாக்கப்பட்டது. பிரயாணிகள் அடிபட்டனர்; உயிரிழப்பும் நேர்ந்தது. அந்த வண்டியில் இருந்தவர்களுக்கு ஐதராபாத்தில் எந்த வேலையும் இல்லை. அவர்கள் கடந்து செல்பவர்கள் மட்டுமே. முன்பு உறங்கிக்கொண்டே கடந்த அதே பாதையை, அந்த மே மாதத்துக்குப் பின் கண் மூடாமல் கடந்தனர். பாதை மாறவில்லை, தண்டவாளமும் மாறவில்லை. அவற்றின் மேல் இருந்த பொது அதிகாரம் ஒன்றே மறைந்திருந்தது.

செப்டம்பர் 13ஆம் நாள் இந்தியப் படைகள் ஷோலாப்பூரிலிருந்தும் பெஜவாடாவிலிருந்தும் உள்ளே புகுந்தன. 17ஆம் நாள் போர் நிறுத்தம். 18ஆம் நாள் ஜெனரல் எல் எத்ரூஸ், ஜெனரல் சௌதுரியிடம் சரணடைந்தார். சண்டை ஐந்து நாளில் முடிந்தது. அதன் பின்னும் உடனிகழ்வாகவும் ஊர்ப்புறங்களில் முஸ்லிம் மக்களுக்கு நேர்ந்த கொலைகளை ஆராய்ந்த சுந்தர்லால் குழு, 27,000 முதல் 40,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என மதிப்பிட்டது. வெற்றியைச் சொல்லி இதைச் சொல்லாமல் விடுவது வரலாறாகாது.

எல்லை அன்றே அழிந்துவிட்டது என்று எண்ணுகிறோம் அல்லவா? அதுதான் இல்லை. நிஜாம் ரயில்வே 1950 ஏப்ரலில்தான் மத்திய அரசிடம் வந்தது, தபாலும் அவ்வாறே. ஹாலி சிக்கா இந்திய ரூபாயுடன் கூடவே 1959 வரை உலவிற்று. உள்நாட்டுச் சுங்கமோ, சமஸ்தானம் இணைந்த பின்னும் உடனே ஒழியவில்லை. ஐதராபாத்தின் வருமானத்தில் அது பெரும் பங்கு. திடீரென எடுத்தால் கஜானா காலியாகும். ஆதலின், சில காலம் அது தொடர அரசியலமைப்பின் 306ஆம் விதி இடம் கொடுத்தது. படை ஐந்து நாளில் செய்ததைக் கணக்கர்கள் செய்து முடிக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. நம் நாட்டில் சுங்கத்தை ஒரேயடியாக நீக்கியதற்காகவே பட்டப்பெயர் பெற்ற அரசன் ஒருவன் உண்டு: முதற் குலோத்துங்கன், சுங்கம் தவிர்த்த சோழன். நீக்கியது எவ்வளவு அரிய செயலாக மக்களுக்குத் தோன்றியிருந்தால், கலிங்கம் வென்றவனை அந்தப் பெயரால் அழைத்திருப்பார்கள்!

ஒன்றியத்தை விட்டு ஒரு நாடு விலகும்போது நேரும் தாமதத்தை நம் காலத்தில் ஐரோப்பாவும் கண்டது. 2020 ஜனவரி 31ஆம் நாள் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியது; 2021 தொடக்கம் முதல், டோவர் துறைமுகத்தில் பிரெஞ்சு அதிகாரிகள் பிரிட்டிஷ் பிரயாணிகளின் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த வேண்டியதாயிற்று. 2022 ஜூலையில் அங்கே கார்கள் மணிக்கணக்கில் நின்றன. கணக்கு மிக எளிது. அறுநூறு பேர் வருகிறார்கள், ஒருவருக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து அதிகாரிகள் இருந்தாலும் கடைசி மனிதர் இரண்டு மணி நேரம் நிற்பார். அந்த இரண்டு மணி நேரத்தை எந்த அரசும் வரியாகக் கணக்கில் எழுதுவதில்லை. 1965 ஆகஸ்டு 9இல் மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்தபின், ஜொகூர் பாலத்தின் இரு முனைகளிலும் பாஸ்போர்ட் சோதனை வந்தது. ஒரு கரையில் வீடும் மறுகரையில் வேலையுமாக இருந்தவர்களுக்கு, ஒரு கிலோமீட்டர் நீளமே உள்ள பாலம் அன்று முதல் நீண்டது.

தமிழரை மிகக் கடுமையாகத் தொட்ட பிரிவினை பர்மாவினுடையது. பர்மா 1937 ஏப்ரல் முதல் நாள் வரை இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னைத் துறைமுகத்தில் மேல்தட்டுச் சீட்டு ஒன்று வாங்கினால் போதும்; ரங்கூனில் இறங்கலாம். பிரிந்த பின்னும் சில ஆண்டுகள் போக்குவரத்து பழையபடியே நடந்தது. 1941இல் இந்தியாவும் பர்மாவும் செய்துகொண்ட குடியேற்ற உடன்படிக்கை பாஸ்போர்ட்டையும் அனுமதிச் சீட்டையும் கட்டணத்தையும் கொண்டுவந்தது. அது முழுதும் வேரூன்றுவதற்குள் போர் வந்தது. அவ்வாண்டு டிசம்பர் 23இல் ரங்கூன் மேல் குண்டு விழ, 1942இல் லட்சக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து கால்நடையாகத் திரும்பினர். 1947இல் பர்மா இன்னொரு குடியேற்றச் சட்டம் இயற்றியது. 1962இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964இல் கடைகள் தேசியமாயின. மீண்டும் கப்பல் கப்பலாகத் தமிழர் சென்னைக்கு வந்தனர்.

அவர்களுள் ஒரு சாராருக்குத் தமிழ்நாட்டு முகாம் வாழ்வு ஒட்டவில்லை. பிறந்த ஊர் பர்மா. பேச்சில் பாதி பர்மியம். தரைவழியே திரும்பிவிடலாம் என்று மணிப்பூர் வரை போனார்கள். எல்லையில் பர்மிய அதிகாரிகள் அவர்களை உள்ளே விடவில்லை. பின்னே திரும்பவும் மனமில்லை. தடுக்கப்பட்ட இடத்திலேயே, இம்பாலிலிருந்து சுமார் 110 கிலோமீட்டரில், மோரே என்ற ஊரில் தங்கிவிட்டனர். அங்காள பரமேசுவரிக்கும் முனீசுவரருக்கும் கோயில் எழுப்பினர். தமிழ்ச் சங்கம் அமைத்தனர். எதிர்ப்புறம் தமு சந்தை. ஒரு நாள் சீட்டு வாங்கிக் காலையில் அப்புறம் போய், மாலைக்குள் திரும்பிவிட வேண்டும் என்ற முறையில் வாணிகம் வளர்ந்தது. இந்நாட்டில் வேறு மாநிலங்களில் குடியேறிய தமிழர் வேலை தேடிப் போனவர்கள். ஓர் எல்லை வாயில் மூடியதால் ஊராகிப்போனவர்கள் மோரேத் தமிழர்.

2018 ஆகஸ்டில் மோரே வாயிலும் தமு வாயிலும் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு முறைப்படி திறக்கப்பட்டன. அடுத்த இரண்டாண்டுகள் நிறைவதற்குள், 2020 மார்ச்சில், தொற்றுநோயை முன்னிட்டு அவை அடைபட்டன. 2021இல் அப்புறத்தில் இராணுவ ஆட்சி. 2023 மே மாதத்தில் இப்புறத்தில் மணிப்பூர்க் கலவரம். எல்லையோர மக்கள் பாஸ்போர்ட் இன்றிப் போய்வர இருந்த ஏற்பாட்டை நீக்குவதாக மத்திய அரசு 2024 பிப்ரவரியில் அறிவித்தது. மோரேயின் தமிழ்க் குடும்பங்களுள் பல, வாணிகம் நின்றபின், தங்கள் பாட்டனார் ஒருகாலத்தில் விட்டுப் புறப்பட்ட சென்னையை நோக்கியே மறுபடி பெட்டி கட்டியிருக்கின்றன.